குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ: அணு அளவுக் கணிப்பைக் கற்க ஏற்ற மென்பொருளா?

ஒரு பொருளை ஆய்வகத்தில் செய்து பார்க்காமலேயே அதன் அணிக்கோவை மாறிலி (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கூட்டின் நீளம்), விறைப்பு, ஆற்றல் இடைவெளி, அணுக்களின் அதிர்வெண் ஆகியவற்றைக் கணினியில் கணக்கிட முடியும். இதற்கென உள்ள மென்பொருள்களில் பணம் கொடுத்து வாங்குபவை சில, இலவசமாகக் கிடைப்பவை பல. இலவசமானவற்றில் மிகப் பரவலாகப் புழங்குபவற்றுள் ஒன்று குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ. முதுகலை இயற்பியலோ வேதியியலோ படிப்பவர், பொருளறிவியலில் ஆய்வைத் தொடங்குபவர் ஆகியோர் இதை எடுத்துக் கற்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

கற்கலாம், தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். இந்த மென்பொருள் எதையும் ஒளித்து வைப்பதில்லை, அதே சமயம் பெரும்பாலான தவறுகளுக்கு எச்சரிப்பதும் இல்லை. அரைகுறையான உள்ளீட்டைக் கொடுத்தாலும் பத்துத் தசம இடங்களோடு ஓர் எண்ணைக் கையில் கொடுத்துவிடும். அந்த எண்ணைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம்தான் இந்தத் துறையில் கற்க வேண்டிய முதல் பாடம். எல்லாத் திருகுகளையும் நம் கையிலேயே விட்டுவிடுவதால் அந்தப் பாடத்தை இது நன்றாகவே கற்றுத் தருகிறது.

இது பிறந்த இடம் இத்தாலியின் திரியெஸ்தே நகரம். ரொபெர்த்தோ கார், மிக்கேலே பரினெல்லோ இருவரும் 1985-இல் குவாண்டம் கணக்கையும் அணுக்களின் இயக்கத்தையும் ஒருசேர நடத்தும் முறையை உருவாக்கியதும் அங்கேதான். அந்த வட்டாரத்தில் தனித்தனியாக வளர்ந்த நிரல்கள் பின்னர் ஒரே தொகுப்பாக இணைந்தன. தொகுப்பை விளக்கும் முதல் பெரிய கட்டுரை 2009-இல் வெளியானது. குனு பொது உரிமத்தில் வருவதால் மூலநிரலைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம். அடித்தளமாக இருப்பது அடர்த்திச் சார்பியக் கோட்பாடு, அதாவது எல்லோரும் டி.எஃப்.டி. என்று சொல்வது. ஹோஹென்பெர்க்கும் கோனும் 1964-இல், கோனும் ஷாமும் 1965-இல் இதை வகுத்தார்கள். 1998-இன் வேதியியல் நோபல் பரிசு வால்ட்டர் கோனுக்கும் ஜான் போப்பிலுக்கும் கிடைத்தது. எத்தனை எலக்ட்ரான்கள் இருந்தாலும் அவற்றின் மொத்த அடர்த்தி என்ற ஒரே சார்பைக் கொண்டு அடிநிலை ஆற்றலைப் பெறலாம் என்பது இதன் சாரம்.

நிறுவுவது

உபுண்டுவிலும் டெபியனிலும் ஆப்ட் களஞ்சியத்திலேயே இருக்கிறது; ஒரே கட்டளையில் இறங்கிவிடும். கோண்டா என்ற தொகுப்பு மேலாளர் வழியாகவும் பெறலாம். விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். மூலம் உபுண்டுவை ஏற்றி அதற்குள் நிறுவுவது எளிது. அப்போது கணக்குகளை லினக்ஸின் ஹோம் கோப்புறையில் வைத்தே ஓட்ட வேண்டும். சி டிரைவில் வைத்து ஓட்டினால் கோப்புகளை எழுதிப் படிப்பதிலேயே பாதி நேரம் கரைந்துவிடும். எதையும் நிறுவும் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்குக் குவாண்டம் மொபைல் என்ற ஆயத்த மெய்நிகர் கணினி இருக்கிறது. வகுப்பு நடத்துபவர்களுக்கு அது பெரும் உதவி, ஏனென்றால் எல்லா மாணவர்களிடமும் ஒரே பதிப்பு இருக்கும்.

மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய விரும்பினால் ஜிஃபோர்ட்ரான் கம்பைலர், பல செயலிகளில் பகிர்ந்து ஓட்ட உதவும் ஓப்பன் எம்.பி.ஐ., எஃப்.எஃப்.டி.டபிள்யூ., லாபாக் என்ற கணித நூலகங்கள் ஆகியவை முன்பே இருக்க வேண்டும். கான்ஃபிகர் கட்டளை எம்.பி.ஐ.யைக் கண்டுபிடிக்காவிட்டாலும் சத்தமின்றி முடிந்து, ஒற்றைச் செயலிக்கான நிரலை உருவாக்கிவிடும். அதைப் பிறகு எம்.பி.ஐ.-ரன் மூலம் 4 கோர்களில் ஓட்டினால், ஒரே கணக்கு நான்கு முறை தனித்தனியாக ஓடும். வெளியீட்டில் ஒவ்வொரு வரியும் நான்கு தடவை வரும். வெளியீட்டின் தொடக்கத்தில் 'பேரலல் வெர்ஷன்' என்று இருக்கிறதா 'சீரியல் வெர்ஷன்' என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும், உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று ஓப்பன்எம்பி, ஒரே செயலுக்குள் பல த்ரெட்களை ஓட்டும் முறை. நான்கு கோர் உள்ள மடிக்கணினியில் 4 எம்.பி.ஐ. செயல்களும், ஒவ்வொன்றுக்குள்ளும் 4 த்ரெட்களும் ஓடத் தொடங்கினால் கணக்கு வேகமாவதற்குப் பதிலாகப் படுத்துவிடும். த்ரெட் எண்ணிக்கையைக் குறிக்கும் சூழல் மாறியை 1 என்று வைத்துவிட்டுத் தொடங்குவதே தொடக்கத்தில் நல்லது.

முதல் கணக்கு: சிலிக்கான்

உள்ளீட்டுக் கோப்பு வெறும் உரைக் கோப்பு. மூன்று தொகுதிகள் கட்டாயம்: கன்ட்ரோல், சிஸ்டம், எலக்ட்ரான்ஸ். அவற்றின் கீழே அணு வகைகள், அணுக்களின் இடங்கள், கே-புள்ளிகள் ஆகியவற்றுக்கான அட்டைகள். சிலிக்கானுக்கு அலகுக் கூட்டில் 2 அணுக்கள் போதும். முகமையக் கனசதுர அணிக்கோவை என்பதால், அணிக்கோவை வகையைச் சொல்லும் இப்ராவ் எண் 2. அணிக்கோவை மாறிலி 10.26 போர் (நீள அலகு); அணுக்கள் (0, 0, 0), (0.25, 0.25, 0.25) என்ற இடங்களில். அலைச்சார்புக்கான கட்ஆஃப் 30 ரிட்பெர்க் (ஆற்றல் அலகு), கே-புள்ளிகள் 4×4×4; கட்ஆஃப், கே-புள்ளி இரண்டின் பொருளும் கன்வர்ஜென்ஸ் பகுதியில் வரும். சாதாரண மடிக்கணினியில் சில நொடிகளில் முடிந்துவிடும்.

தொடக்கத்திலேயே தடுக்கி விழ வைப்பவை இயற்பியலோடு தொடர்பில்லாத சின்னஞ்சிறு விஷயங்கள்தான். பி.டி.எஃப். கோப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் நேரான மேற்கோள் குறிக்குப் பதில் வளைந்த குறி வந்துவிடும். நேம்லிஸ்டை (அந்த மூன்று தொகுதிகளை) படிக்க முடியவில்லை என்ற பிழைச் செய்தியோடு நிரல் நின்றுவிடும். விண்டோஸ் நோட்பேடில் எழுதிய கோப்பின் வரி முடிவுகளும் இப்படித் தொல்லை தரலாம். கடைசி வரிக்குப் பின் என்டர் அடிக்காமல் விட்டால் அந்த வரியைச் சில சமயம் படிக்காது. இரண்டு கணக்குகளை ஒரே வெளியீட்டுக் கோப்புறையில் ஒரே முன்னொட்டுப் பெயரோடு ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒன்றன்மேல் ஒன்று எழுதிக்கொள்ளும்; இரண்டுமே வீண்.

அடுத்தது அலகுகள். இதன் இயல்பான அலகுகள் போரும் ரிட்பெர்க்கும். 1 போர் என்பது 0.5292 ஆங்ஸ்ட்ராம், 1 ரிட்பெர்க் என்பது 13.606 எலக்ட்ரான் வோல்ட். பாடநூலில் கண்ட 5.43-ஐ அப்படியே செல்டிஎம் என்ற மாறியில் எழுதினால், நிரல் அதைப் போர் என்று எடுத்துக்கொண்டு படிகத்தை ஏறக்குறைய பாதி நீளத்துக்கு நசுக்கிவிடும். பிழைச் செய்தி வராமலே கணக்கு முடிந்துவிடவும் கூடும். இதைப் பிடிக்க நல்ல வழி, தகைவைக் கணக்கிடும் வசதியை எப்போதும் இயக்கி வைப்பது. வெளியீட்டில் அழுத்தம் சில பத்துக் கிலோபார் என்றால் இயல்பு. ஆயிரக்கணக்கில் வந்தால் உள்ளீட்டை மீண்டும் திறக்க வேண்டும்.

அணுக்களின் இடங்களை எந்த அலகில் தருகிறோம் என்பது இன்னும் நுட்பமானது. அலாட் என்றால் அணிக்கோவை மாறிலியின் மடங்காகக் கார்ட்டீசியன் அச்சுகளில். கிரிஸ்டல் என்றால் அணிக்கோவைத் திசையன்களின் பின்னமாக. சிலிக்கானில் இரண்டையும் மாற்றிப் போட்டாலும் விடை மாறாது. இப்ராவ் 2-இன் மூன்று திசையன்களையும் கூட்டிக் கால் பங்கு எடுத்தால் (–0.25, 0.25, 0.25) என்ற இடம் கிடைக்கும், அதுவும் அதே வைரக் கட்டமைப்புதான். சோடியம் குளோரைடிலும் இதே கதை. ஆக, முதல் இரண்டு பயிற்சிகளிலும் தவறு தெரியாமல் தப்பித்துவிட்டு, கிராஃபைட் அல்லது துத்தநாகம் போன்ற அறுகோணப் படிகத்துக்கு வந்ததும் மாட்டிக்கொள்வார்கள். அலகை எப்போதும் வெளிப்படையாக எழுதுங்கள். ஓட்டும் முன் எக்ஸ்கிரைஸ்டென் நிரலில் உள்ளீட்டைத் திறந்து பிணைப்பு நீளத்தை அளந்து பாருங்கள். சிலிக்கானில் அது 2.35 ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டும்.

வெளியீட்டில் தேட வேண்டியது ஆச்சரியக்குறியோடு தொடங்கும் வரி. மொத்த ஆற்றல் அங்கேதான் இருக்கும். கடைசியில் வரும் 'ஜாப் டன்' என்ற சொல் நிரல் ஓடி முடிந்ததற்கு மட்டுமே சான்று. எலக்ட்ரான் கணக்கு 100 சுற்றுகளில் கன்வர்ஜ் ஆகாமல், அதாவது விடை நிலைகொள்ளாமல், நின்றிருந்தால் ஆச்சரியக்குறி வரி இராது. அப்படி நின்றால் சுற்றுகளை 500 ஆக்குவதுதான் பலரும் முதலில் செய்வது, பெரும்பாலும் பயனில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பழைய அடர்த்தியோடு புதியதைக் கலக்கும் விகிதம் இயல்பாக 0.7, அதை 0.3 அல்லது 0.2-க்குக் குறைத்தால் ஊசலாட்டம் அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் அணுக்கள் மிக நெருங்கியிருக்கின்றனவா, உலோகத்தை மின்காப்பு போல நடத்துகிறோமா என்று பார்க்க வேண்டும்.

நான்கு இணைதிறன் எலக்ட்ரான்களை மட்டும் வைத்திருக்கும் நார்ம்-கன்சர்விங் வகைச் சூடோபொட்டென்ஷியலில் (உட்கூட்டு எலக்ட்ரான்களுக்குப் பதிலாக வைக்கும் கோப்பு, விளக்கம் பின்னர்) 2 சிலிக்கான் அணுக்களுக்கு ஏறத்தாழ –15.8 ரிட்பெர்க் வரும். வேறு சூடோபொட்டென்ஷியலில் முற்றிலும் வேறு எண் வரும். இரண்டும் சரியே. மொத்த ஆற்றலின் தனி மதிப்புக்குப் பொருள் இல்லை, வேறுபாடுகளுக்கே பொருள். ஒரே சூடோபொட்டென்ஷியல், ஒரே கட்ஆஃப், ஒரே சார்பியம் (எலக்ட்ரான்களின் இடைவினைக்கு எடுக்கும் தோராயச் சூத்திரம்) ஆகியவற்றில் செய்த கணக்குகளை மட்டும் ஒன்றோடொன்று கழிக்கலாம்.

கன்வர்ஜென்ஸ்: இங்கேதான் உண்மையான வேலை

அலைச்சார்பைத் தள அலைகளின் கூட்டாக எழுதுகிறார்கள். எத்தனை அலைகள் வரை எடுப்பது என்பதை முடிவு செய்வது கட்ஆஃப். கே-புள்ளிகள் என்பவை முடிவில்லாத படிகத்தை எத்தனை இடங்களில் மாதிரி எடுக்கிறோம் என்பதைச் சொல்பவை. இரண்டுக்கும் 'சரியான' மதிப்பு என்று நிரல் எதையும் சொல்லாது. கட்ஆஃபுக்கு இயல்பு மதிப்பே கிடையாது. இந்த வடிவமைப்பு முடிவைப் பாராட்ட வேண்டும்: பயனர் தானே யோசித்து ஓர் எண்ணை எழுதியாக வேண்டும்.

செய்முறை நேரானது. கே-புள்ளிகளை 4×4×4 என்று நிலைப்படுத்தி, கட்ஆஃபை 15, 20, 25, 30, 40, 50 ரிட்பெர்க் என்று ஏற்றிச் சென்று ஆற்றலைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்ஆஃப் ஏற ஏற ஆற்றல் இறங்கிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் தட்டையாகும். அடுத்து அந்தக் கட்ஆஃபில் கே-புள்ளிகளை 2, 4, 6, 8 என்று மாற்றுங்கள். இங்கே ஆற்றல் ஏறவும் செய்யலாம் இறங்கவும் செய்யலாம், ஒரே திசையில் போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அணு ஒன்றுக்கு 1 மில்லி ரிட்பெர்க் என்ற எல்லையைப் பலரும் பிடித்துக்கொள்கிறார்கள். அது 13.6 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலான 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் பாதி. இரண்டு கட்டமைப்புகளில் எது நிலையானது என்று 5 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வேறுபாட்டை வைத்துத் தீர்மானிக்கப் போகிறவருக்கு அந்த எல்லை போதவே போதாது.

அதனால் மொத்த ஆற்றலின் கன்வர்ஜென்ஸை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. எந்தப் பண்பு வேண்டுமோ அந்தப் பண்பே கன்வர்ஜ் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். ஆற்றல் வேறுபாடுகள் பொதுவாக மொத்த ஆற்றலைவிட விரைவாக நிலைகொள்ளும், ஏனென்றால் இருபுறமும் உள்ள பிழை ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. அழுத்தமும் தகைவும் அதைவிட மெதுவாகவே நிலைகொள்ளும். ஆற்றல் தட்டையாகிவிட்ட 30 ரிட்பெர்க்கிலும் அழுத்தம் இன்னும் சில கிலோபார் நகர்ந்துகொண்டிருக்கலாம்.

அணிக்கோவை மாறிலியைக் கண்டுபிடிக்கும் பயிற்சி இந்த மென்பொருளின் மிகச் சிறந்த பாடம். 10.0 முதல் 10.7 போர் வரை 0.1 இடைவெளியில் 8 கணக்குகள். கிடைத்த ஆற்றல்களைத் தொகுப்போடு வரும் 'ஈவி' நிரலில் கொடுத்தால் பிர்ச்–மர்னகன் சமன்பாட்டில் பொருத்தி அணிக்கோவை மாறிலியையும் பருமக் குணகத்தையும் (அமுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு) தரும். பி.பி.இ. என்ற சார்பியத்தில் ஏறத்தாழ 10.33 போர், அதாவது 5.47 ஆங்ஸ்ட்ராம் வரும். சோதனை மதிப்பு 5.43. எல்.டி.ஏ. என்ற இன்னொரு சார்பியத்தை எடுத்தால் 5.40 அருகில் நிற்கும். பி.பி.இ. சற்றே ஊதும், எல்.டி.ஏ. சற்றே சுருக்கும் என்பது பெரும்பாலான திண்மங்களில் காணும் போக்கு. இந்த ஒரே பயிற்சியில் அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பருமக் குணகம் பி.பி.இ.யில் 90 கிகாபாஸ்கலுக்குச் சற்றுக் கீழே. சோதனையில் 98 அருகே.

இதில் மறைந்திருக்கும் குழி ஒன்று உண்டு. அந்தப் பொருத்தும் நிரல் அணிக்கோவை வகையைக் கேட்கும்போது முகமையக் கனசதுரம் என்று சொல்லாமல் எளிய கனசதுரம் என்று சொல்லிவிட்டால், கூட்டின் பருமனை நான்கு மடங்காக எடுத்துக்கொள்ளும். அணிக்கோவை மாறிலி சரியாகவே வரும், பருமக் குணகம் மட்டும் நான்கில் ஒரு பங்காக, 22 கிகாபாஸ்கலாக வரும். முதல் எண் சரியாக இருப்பதால் இரண்டாவதையும் நம்பிவிடத் தோன்றும். புள்ளிகள் வழவழப்பான வளைகோட்டில் அமராமல் மேலும் கீழும் குதித்தால் அதற்கு வேறு காரணம்: கட்ஆஃப் குறைவு. கூட்டின் பருமன் மாறும்போது அந்தக் கட்ஆஃபுக்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை படிப்படியாகத் தாவுகிறது. கட்ஆஃபை உயர்த்தினால் வளைகோடு ஒழுங்காகும்.

கூட்டின் வடிவத்தையே தளர்த்தும் (ஆற்றல் குறையும் வடிவத்துக்கு நகர்த்தும்) விசி-ரிலாக்ஸ் முறைக்கும் இதே சிக்கல்தான். தொடக்கக் கூட்டுக்குத் தேர்ந்த அலைகளையே கடைசி வரை வைத்துக்கொண்டு ஓடுவதால், கூடு நிறைய மாறியிருந்தால் தளர்த்தலின் கடைசிப் படியில் காட்டும் அழுத்தம் உண்மையானது அல்ல. முடிந்த கட்டமைப்பிலிருந்து புதிதாக மீண்டும் ஒருமுறை ஓட்ட வேண்டும்.

ஆற்றல் இடைவெளியும் பொய்யான ஏமாற்றமும்

சிலிக்கான் கணக்கு முடிந்ததும் ஆற்றல் இடைவெளி எங்கே என்று தேடுவார்கள், கிடைக்காது. மின்காப்பு வகைப் பொருளுக்கு நிரல் நிரம்பிய பட்டைகளை மட்டுமே கணக்கிடும். 8 எலக்ட்ரான்களுக்கு 4 பட்டைகள். பட்டை எண்ணிக்கையை 8 என்று உள்ளீட்டில் எழுதினால்தான் காலியான பட்டைகளும் வரும். அப்போதும் வழக்கமான கே-புள்ளி வலையில் கிடைக்கும் எண்ணை இடைவெளி என்று எழுதிவிடக் கூடாது. சிலிக்கானின் கடத்துப் பட்டையின் அடிப்புள்ளி கே-வெளியின் மையமான காமாவிலிருந்து எல்லையிலுள்ள எக்ஸ் புள்ளிக்குப் போகும் வழியில் ஏறத்தாழ 85 சதவீதத் தூரத்தில் இருக்கிறது. சாதாரண வலை அதைத் தொடாது. அந்தப் பாதையில் நெருக்கமான புள்ளிகளோடு பட்டைக் கணக்கைத் தனியே ஓட்ட வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தபின் 0.6 எலக்ட்ரான் வோல்ட் வரும். சோதனையில் தாழ் வெப்பநிலையில் 1.17. இது மென்பொருளின் குறையோ உள்ளீட்டின் பிழையோ அல்ல. பி.பி.இ. போன்ற சார்பியங்கள் இடைவெளியைக் குறைத்தே காட்டும். ஹெச்.எஸ்.இ. என்ற கலப்புச் சார்பியத்தில் சோதனை மதிப்புக்கு மிக அருகே வரும். நேரம் பல மடங்கு கூடும். கட்ஆஃபை ஏற்றி ஏற்றி இந்த 0.6-ஐ 1.17 ஆக்கப் பார்ப்பது வீண் உழைப்பு. எண்முறைப் பிழை வேறு, கோட்பாட்டின் தோராயம் வேறு. முதலாவதை முயற்சியால் ஒழிக்கலாம், இரண்டாவதோடு கூடவே வாழ வேண்டும். எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் இந்தப் பயிற்சி அதைத் தெளிவாகப் புரியவைக்கிறது. அடுக்குகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் ஈர்ப்பும் இரண்டாம் வகைதான்: பி.பி.இ.யில் கிராஃபைட் தாள்கள் ஏறக்குறைய ஒட்டுவதே இல்லை. கிரிம்மின் டி3 திருத்தத்தை ஒரு வரியில் சேர்த்தால் 3.35 ஆங்ஸ்ட்ராம் என்ற உண்மை இடைவெளிக்கு அருகே வந்து நிற்கும்.

உலோகங்கள்

அலுமினியத்துக்கு சிலிக்கானின் உள்ளீட்டையே எடுத்து அணுவை மாற்றினால் நிரல் நின்றுவிடும்: 3 எலக்ட்ரான்கள் ஒற்றைப்படை என்பதால் இது உலோகம், நிரப்பும் முறையைக் குறிப்பிடு என்று சொல்லும். நல்ல எச்சரிக்கை, ஆனால் ஒற்றைப்படைக்கு மட்டும்தான் வரும். மக்னீசியம் போல இரட்டைப்படை எலக்ட்ரான்கள் உள்ள உலோகத்தில் எதுவும் சொல்லாமல் அடியிலிருந்து பட்டைகளை நிரப்பி, தவறான விடையைத் தரும் அல்லது கன்வர்ஜ் ஆகாமல் திணறும். உலோகமா என்பதில் சந்தேகம் வந்தாலே, பட்டைகளை நிரப்பும் எல்லையை மழுங்கலாக்கும் ஸ்மியரிங் போட்டுவிடுவதுதான் சரி. மர்சாரி–வான்டர்பில்ட் வகை, அகலம் 0.01 முதல் 0.02 ரிட்பெர்க் வரை என்று தொடங்கலாம். கே-புள்ளிகள் சிலிக்கானைவிட மிக அதிகம் வேண்டும். அலுமினியத்துக்கு 12×12×12 என்பது தொடக்கமே. அகலத்தையும் கே-புள்ளிகளையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். அகலத்தைக் குறைத்தால் புள்ளிகள் கூட வேண்டும். அகலத்தைப் பெரிதாக்கிச் சீக்கிரம் கன்வர்ஜ் ஆக்கினால் வேறொரு கணக்குக்கு விடை கண்டதாகவே ஆகும்.

இரும்பு அடுத்த படி. எலக்ட்ரான்களின் சுழற்சியை (ஸ்பின்) கணக்கில் எடுக்கச் சொல்லிவிட்டுத் தொடக்கக் காந்தமாக்கத்தைக் கொடுக்க மறந்தால் நிரலே சொல்லும். சுழற்சியையே மறந்துவிட்டால் சொல்லாது. காந்தமில்லா இரும்பைக் கணக்கிட்டு 2.76 ஆங்ஸ்ட்ராம் என்று அணிக்கோவை மாறிலியைத் தரும். காந்தத்தோடு செய்தால் பி.பி.இ.யில் 2.83, சோதனையில் 2.87. காந்தத் திருப்புத்திறன் அணுவுக்கு 2.2 போர் மேக்னெட்டான் அருகே வந்தால் சரியான பாதையில் இருக்கிறோம். எல்.டி.ஏ. இங்கே உண்மையாகவே தோற்கும்: பொருள்மையக் கனசதுர ஃபெரோகாந்த இரும்பை அடிநிலையாகவே அது காட்டாது.

சூடோபொட்டென்ஷியலைத் தேர்வது

உட்கூட்டு எலக்ட்ரான்களை நேரடியாகக் கணக்கிடாமல் அவற்றின் விளைவை ஒரு கோப்பில் அடக்கித் தருவது சூடோபொட்டென்ஷியல். இதே வேலையைச் செய்யும் வாஸ்ப் மென்பொருள் இந்தக் கோப்புகளைத் தானே தொகுத்துத் தருகிறது, உரிமத்துக்குப் பணம். இங்கே நாமே தேர வேண்டும், தேர்வுகளோ ஏராளம். புதியவர்களைப் பெரிதும் குழப்புவது இதுதான், மென்பொருளின் பலவீனம் என்றே இதைச் சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.எஸ்.பி. என்ற நூலகம் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்துவிட்டது. தனிமம் வாரியாகச் சோதித்து ஒரு கோப்பையும், அதற்கேற்ற இரண்டு கட்ஆஃப்களையும் பரிந்துரைக்கிறது. அதன் 'எஃபிஷியன்சி' தொகுப்பில் சிலிக்கானுக்கு 30, 240 ரிட்பெர்க். இரும்புக்கு 90, 1080. இரண்டாவது எண் அடர்த்திக்கான கட்ஆஃப். அதை எழுதாமல் விட்டால் நிரல் முதல் எண்ணின் 4 மடங்கை எடுத்துக்கொள்ளும். நார்ம்-கன்சர்விங் வகைக்கு அது போதும், அல்ட்ராசாஃப்ட், பி.ஏ.டபிள்யூ. வகைகளுக்கு 8 முதல் 12 மடங்கு வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிடுவதுதான் இரும்பு, ஆக்சைடு கணக்குகளில் விசைகள் தாறுமாறாக வருவதற்கு அடிக்கடி காரணம். பல தனிமங்கள் கலந்த பொருளில் எல்லாவற்றிலும் உயர்ந்த கட்ஆஃபையே வைக்க வேண்டும். ஒரு தனிமத்துக்குப் பி.பி.இ. கோப்பும் இன்னொன்றுக்கு எல்.டி.ஏ. கோப்பும் கலக்கக் கூடாது.

இப்படிக் கவனமாகச் செய்தால் மென்பொருள் எது என்பது விடையைப் பாதிக்காது. 2016-இல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய ஒப்பீடு 71 தனிமப் படிகங்களை 15 மென்பொருள்களில் கணக்கிட்டு, அண்மைக் கால முறைகள் ஒன்றோடொன்று நன்றாக ஒத்துப்போவதைக் காட்டியது. இலவசம் என்பதால் துல்லியம் குறைவு என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

அதிர்வுகள்

ஃபோனான்களை, அதாவது அணுக்களின் கூட்டு அதிர்வுகளை, கணக்கிடும் பகுதிதான் இந்தத் தொகுப்பின் பெருமை. பரோனி, ஜன்னோத்சி, தெஸ்தா மூவரும் 1987-இல் வகுத்த நேரியல் துலங்கல் முறை இதில் முழுமையாக இருக்கிறது. பெரிய கூடு கட்டி அணுவைத் தள்ளிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் முன்னோடியான அடிநிலை எலக்ட்ரான் கணக்கைக் கறாராக முடித்திருக்க வேண்டும். இயல்பு எல்லையான 10⁻⁶ ரிட்பெர்க் போதாது. 10⁻¹² அளவுக்கு இறக்க வேண்டும். சிலிக்கானுக்குக் காமா புள்ளியில் ஓட்டினால் 6 அதிர்வெண்கள் வரும். மூன்று சுழிக்கு அருகே, மூன்று ஒன்றாகச் சேர்ந்து 520 செ.மீ.⁻¹ அருகே. ராமன் நிறமாலையில் எல்லோரும் காணும் அதே கோடு. சுழியாக வேண்டிய மூன்றும் சில செ.மீ.⁻¹ விலகியிருப்பது எண்முறைப் பிழை; படிகம் முழுதும் ஒன்றாக நகர்ந்தால் ஆற்றல் மாறாது என்ற ஒலி விதித் திருத்தம் அதைச் சரிசெய்யும். பத்து, இருபது என்று விலகினால் திருத்தத்தால் மூடி மறைக்காமல் கட்ஆஃபைக் கூட்ட வேண்டும். எதிர்க்குறியோடு அச்சாகும் அதிர்வெண் உண்மையில் கற்பனை எண். கட்டமைப்பு நிலையற்றது என்று அதை வைத்து அறிவிக்கும் முன், அணுக்களை முழுமையாகத் தளர்த்தினோமா, கே-புள்ளிகள் போதுமா என்று பார்ப்பது கடமை.

ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை: உள்ளீட்டு மாறிகள் அனைத்தையும் விளக்கும் பட்டியல் அகராதி போல நிறைவானது, ஆனால் அதை வைத்துத் தொடங்க முடியாது. மூலநிரலோடு வரும் எடுத்துக்காட்டுகள் கோப்புறையில் ஒவ்வொன்றுக்கும் சரிபார்க்க மாதிரி வெளியீடும் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவது நல்லது. அவற்றிலுள்ள கட்ஆஃபும் கே-புள்ளிகளும் சோதனை விரைவாக முடிவதற்காக வைத்தவை, ஆய்வுக்கு அல்ல. பயனர் குழுவில் கேட்டால் மென்பொருளை எழுதியவர்களே பதில் சொல்கிறார்கள். உள்ளீட்டையும் வெளியீட்டையும் இணைத்து, படிக்கும் நிறுவனத்தின் பெயரையும் எழுத வேண்டும்.

எவ்வளவு பெரிய கணக்கு மடிக்கணினியில் முடியும்? அணுக்கள் இரு மடங்கானால் நேரம் ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்பதே அடிப்படைக் கணக்கு. 2 முதல் 10 அணுக்கள் தாராளம்; 64 அணுக்கள் கொண்ட சிலிக்கான் கூட்டில் ஓர் அணுவை எடுத்ததால் உண்டான வெற்றிடத்தைத் தளர்த்துவது இரவெல்லாம் ஓட விடும் வேலை. அதற்கு மேல் திருச்சி என்.ஐ.டி.யில் உள்ள பரம் பொருள் போன்ற மீக்கணினியில் நேரம் பெற வேண்டும். அங்கே போகும்போது கே-புள்ளிகளைக் குழுக்களாகப் பிரிக்கும் '-என்கே' தேர்வைக் கற்றுக்கொண்டு போவது அவசியம், ஏனென்றால் நல்ல வேகம் தருவது அதுதான். நகர்த்திய 4×4×4 வலையில் சமச்சீரால் ஒத்தவை கழிந்து சிலிக்கானுக்கு 10 புள்ளிகள் எஞ்சும். 4 குழுக்களாகப் பிரித்தால் 3, 3, 2, 2 என்று விழுந்து இரண்டு குழுக்கள் சும்மா காத்திருக்கும். 5 குழுக்கள் என்றால் ஆளுக்கு இரண்டாகச் சமமாக ஓடும். புள்ளிகளைவிடக் குழுக்கள் கூடினால் சில செயலிகளுக்குக் கே-புள்ளியே இல்லை என்று நிரல் நின்றுவிடும். வரிசையில் காத்திருந்து கிடைத்த நேரம் அதோடு போய்விடும். எத்தனை புள்ளிகள் எஞ்சுகின்றன என்று முதலில் மடிக்கணினியில் சில நொடி ஓட்டிப் பார்த்து, வெளியீட்டின் தொடக்கத்திலிருந்து குறித்துக்கொண்டு, பிறகு வேலையை அனுப்புங்கள்.